யாருடைய டிராஃப்ட் நல்ல டிராஃப்ட்? சீசன் முடிந்த பின் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

பேன்டஸி பேஸ்பால் ஆடும் நண்பர்கள் மத்தியில் ஆண்டுக்கு இரண்டு முறை சண்டை வரும். முதல் சண்டை மார்ச் மாதம், ஆட்டக்காரர்களைப் பங்கு பிரித்துக் கொள்ளும் டிராஃப்ட் நாளில் நடக்கும். அடுத்தது அக்டோபரில், சீசன் முடிந்ததும், யாருடைய டிராஃப்ட் நல்லது என்று பேசும் போது வரும். முதல் சண்டை அன்றே தீர்ந்துவிடும். இரண்டாவது அடுத்த மார்ச் வரை இழுக்கும்.

நியூ ஜெர்சியில் நாங்கள் 12 பேர் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறோம். அனைவரும் அலுவலக நண்பர்கள். பாதிப் பேர் அமெரிக்கர்கள். மீதிப் பேர் இங்கே வேலைக்கு வந்த பின் பேஸ்பால் பார்க்கப் பழகியவர்கள். பணம் கட்டி ஆடுவதில்லை. ஆனால் ஒரு பரிசு உண்டு. சீசன் முடிந்ததும் "சிறந்த டிராஃப்ட்" யாருடையது என்று முடிவாகிறதோ, அவர் அடுத்த ஆண்டு டிராஃப்டில் எத்தனையாவது ஆளாகத் தேர்வு செய்வது என்பதைத் தானே முடிவு செய்து கொள்ளலாம். இது பெரிய சலுகை. எனவே தீர்ப்பை வாய்ப் பேச்சில் சொல்ல முடியாது. கணக்கு காட்ட வேண்டும். அந்தக் கணக்கு வேலை என் பொறுப்பு.

2024 சீசன் முடிந்த போது எங்கள் லீக்கில் ஒருவர் விலகும் நிலைக்கு வந்துவிட்டார். அவரைத் தங்க வைத்தது ஒரு எக்ஸெல் பைல்தான். அந்தப் பைலை எப்படித் தயார் செய்வது என்பதை இங்கே பார்ப்போம். இதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

இது என்ன ஆட்டம்?

பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடும். பேன்டஸி ஆட்டத்தில், சீசன் தொடங்கும் முன் நண்பர்கள் கூடி உட்கார்ந்து, இந்த 30 அணிகளில் உள்ள நிஜ ஆட்டக்காரர்களில் ஆளுக்கு 23 பேரைத் தேர்வு செய்வார்கள். 14 பேர் பேட்டர்கள், 9 பேர் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை மற்றவர் எடுக்க முடியாது. பிறகு ஆறு மாதம் அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் எடுக்கும் ஹோம் ரன், ஸ்டிரைக் அவுட் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும்.

தினம் ஒரு டீம் போட்டு ஆடும் பேன்டஸி கிரிக்கெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான். இங்கே டிராஃப்ட் ஒரே ஒரு முறைதான். இடையில் நண்பர்களுக்குள் ஆட்களை மாற்றிக் கொள்ளலாம். யாரும் எடுக்காமல் வெளியே இருப்பவர்களையும் சேர்க்கலாம்.

இந்த ஆட்டத்தின் இன்றைய வடிவம் 1980-ல் தொடங்கியது. டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் அவர் நண்பர்களும் நியூயார்க்கில் இருந்த ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூடிப் பேசி இதை உருவாக்கினார்கள். அந்த உணவகத்தின் பெயரால்தான் இதற்கு ரோட்டிசரி பேஸ்பால் என்று பெயர் வந்தது. அன்று செய்தித்தாளில் வரும் எண்களைப் பார்த்துக் கையால் கூட்டிக் கணக்கு போட்டார்கள். இன்று வெப்சைட்டுகள் இதைத் தானாகவே செய்துவிடுகின்றன. ஆனால் அந்த வெப்சைட்டுகள் காட்டுவது யார் ஜெயித்தார் என்பதை மட்டுமே. யார் நன்றாகத் தேர்வு செய்தார் என்பது வேறு கேள்வி. அதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

வேலை மார்ச்சிலேயே தொடங்குகிறது

அக்டோபரில் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்றால் மார்ச்சில் பதிவு இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, "அவன் நன்றாக ஆடுவான் என்று எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்லாதவர் யாரும் இல்லை. எனவே டிராஃப்ட் முடிந்த அன்றே ஒரு ஷீட் தயார் செய்யுங்கள். அதில் இந்த நெட்டு வரிசைகள் இருக்கட்டும்: தேர்வு எண், சுற்று, டீம், ஆட்டக்காரர் பெயர், ஆடும் இடம், அன்றைய சந்தை வரிசை எண்.

கடைசியாகச் சொன்ன சந்தை வரிசை எண் மிக முக்கியம். நாடு முழுவதும் நடக்கும் ஆயிரக்கணக்கான டிராஃப்டுகளில் ஒரு ஆட்டக்காரர் சராசரியாக எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்ற பட்டியலைப் பேன்டஸி வெப்சைட்டுகள் வெளியிடுகின்றன. டிராஃப்ட் அன்று காலை அந்தப் பட்டியலை காப்பி செய்து தனி ஷீட்டில் பேஸ்ட் செய்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் அது வேறு பட்டியல். இதற்கு நல்ல உதாரணம் நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல். 2023-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றவர். 2024 மார்ச் முதல் வாரத்தில் அவரை மிக முன்னதாக எடுப்பது சரியான முடிவு. அந்த மாதம் இரண்டாவது வாரத்தில் அவர் முழங்கையில் பிரச்சினை என்று செய்தி வந்தது. அவர் ஜூன் 19-ல்தான் களம் இறங்கினார். ஒரே மாதம், ஒரே ஆட்டக்காரர். ஆனால் 3-ஆம் தேதி எடுத்தவரையும் 17-ஆம் தேதி எடுத்தவரையும் ஒரே மாதிரி எடை போட முடியாது.

எங்கள் லீக்கில் இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொருவரும் தாங்கள் எடுத்த 23 பேரில் ஏதேனும் ஐந்து பேருக்கு, ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இவை அனைத்தையும் ஒரே பைலில் சேர்த்து பி.டி.எஃப். ஆக மாற்றி அன்றிரவே 12 பேருக்கும் இ-மெயிலில் அனுப்பிவிடுவேன். அதன் பின் யாரும் எதையும் மாற்ற முடியாது. எக்ஸெல் பைலையும் பாஸ்வேர்ட் போட்டு வைப்பது நல்லது. பைல் மெனுவில் இன்ஃபோ சென்று, புரொடெக்ட் ஒர்க்புக் என்பதில் கிளிக் செய்து, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்பது கடினம். எழுதி வையுங்கள்.

எண்களை இறக்குவது எப்படி?

சீசன் முடிந்ததும் எல்லா ஆட்டக்காரர்களின் எண்களும் வேண்டும். பேஸ்பால் ரெஃபரன்ஸ் வெப்சைட்டில் அட்டவணைக்கு மேலே உள்ள ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட் மெனுவில் சி.எஸ்.வி. வடிவில் பெறும் வசதி உண்டு. பழைய ஆண்டுகளுக்கு, ஷான் லேமன் தொடங்கிய லேமன் டேட்டாபேஸை மொத்தமாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, எழுத்துப் பிரச்சினை. பேஸ்பாலில் ஸ்பானிஷ் பெயர்கள் அதிகம். சி.எஸ்.வி. பைலை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால், அகூன்யா போன்ற பெயர்களில் மேலே கோடு உள்ள எழுத்துகள் சிதைந்து வேறு குறிகளாகத் தெரியக்கூடும். அதற்குப் பதில் எக்ஸெலில் டேட்டா மெனுவுக்குச் சென்று, ஃப்ரம் டெக்ஸ்ட் என்ற வழியில் பைலைத் திறந்து, எழுத்து வகையாக 65001 என்ற எண் கொண்ட யூ.டி.எஃப்.-8 ஐத் தேர்வு செய்யுங்கள். பெயர்கள் சரியாக வரும்.

இரண்டாவது, ஒரே பெயரில் இருவர். 2024-ல் வில் ஸ்மித் என்ற பெயரில் டாட்ஜர்ஸ் அணியில் ஒரு கேட்சரும், கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியில் ஒரு பிட்சரும் இருந்தார்கள். 2025-ல் மாக்ஸ் மன்ஸி என்ற பெயரில் டாட்ஜர்ஸில் ஒருவர், அத்லெடிக்ஸில் ஒருவர். இருவருக்கும் பிறந்த நாள் கூட ஆகஸ்ட் 25 தான், ஆண்டுதான் வேறு! பெயரை வைத்துத் தேடினால் ஒருவரின் ஹோம் ரன் மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே வெப்சைட் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தரும் அடையாளக் குறியீட்டை டிராஃப்ட் ஷீட்டிலும் ஒரு நெட்டு வரிசையில் போட்டுக் கொள்ளுங்கள். வீ-லுக்அப் பங்ஷன் மூலம் அந்தக் குறியீட்டைத் தேடி எண்களை எடுங்கள். அந்தப் பங்ஷனில் கடைசி மதிப்பாக ஃபால்ஸ் என்று கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் எக்ஸெல் கிட்டத்தட்டப் பொருந்தும் வேறு ஒருவரின் எண்ணை எடுத்துத் தரும். பிழைச் செய்தியும் வராது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

எங்கள் லீக்கில் 10 பிரிவுகள். பேட்டர்களுக்கு பேட்டிங் ஆவரேஜ், ஹோம் ரன், ரன், ஆர்.பி.ஐ., ஸ்டோலன் பேஸ். பிட்சர்களுக்கு வெற்றி, சேவ், ஸ்டிரைக் அவுட், இ.ஆர்.ஏ., விப். இதில் இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. விப் என்பது ஒரு இன்னிங்ஸில் எத்தனை பேரை பேஸுக்குச் செல்ல விட்டார் என்ற கணக்கு. இந்த இரண்டும் குறைவாக இருந்தால்தான் நல்லது.

54 ஹோம் ரன்னையும் 18 வெற்றியையும் எப்படி ஒப்பிடுவது? இதற்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் உதவுகிறது. 12 டீமில் எடுக்கப்பட்ட 168 பேட்டர்களின் ஹோம் ரன் சராசரியை ஆவரேஜ் பங்ஷன் மூலம் கண்டுபிடியுங்கள். எஸ்.டி.டெவ் பங்ஷன் மூலம் விலகலைக் கண்டுபிடியுங்கள். ஒருவரின் ஹோம் ரன்னிலிருந்து சராசரியைக் கழித்து, விலகலால் வகுத்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். உதாரணத்துக்கு சராசரி 20, விலகல் 10 என்று வைத்துக் கொள்வோம். 2024-ல் 54 ஹோம் ரன் அடித்த ஷோஹெய் ஒட்டானிக்கு 3.4 மதிப்பெண். 20 அடித்தவருக்குப் பூஜ்யம். 10 அடித்தவருக்கு மைனஸ் 1. 108 பிட்சர்களுக்கும் இதே முறைதான்.

பேட்டிங் ஆவரேஜ், இ.ஆர்.ஏ., விப் மூன்றையும் இப்படி நேரடியாகப் போடக் கூடாது. 100 முறை மட்டும் பேட் செய்தவரின் ஆவரேஜும் 600 முறை பேட் செய்தவரின் ஆவரேஜும் ஒரே எடை அல்ல. ஒட்டானி 2024-ல் 636 முறை பேட் செய்து 197 ஹிட் அடித்தார். குழுவின் ஆவரேஜ் .255 என்றால், சாதாரண ஆள் 636 முறையில் சுமார் 162 ஹிட் அடித்திருப்பார். ஒட்டானி கூடுதலாகக் கொடுத்தது 35 ஹிட். இந்த 35 ஐத்தான் மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும்.

பிட்சர்களுக்கும் அப்படியே. 2024-ல் அட்லான்டா பிரேவ்ஸின் கிறிஸ் சேல் சுமார் 178 இன்னிங்ஸ் வீசினார், இ.ஆர்.ஏ. 2.38. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் புதுமுகம் பால் ஸ்கீன்ஸ் மே 11-ல்தான் முதல் ஆட்டம் ஆடினார். 133 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 1.96. எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்கீன்ஸ் வெகு தூரம் முன்னே இருப்பது போல் தெரியும். குழுவின் இ.ஆர்.ஏ. 3.80 என்று வைத்துக் கணக்கிட்டால், சேல் மிச்சம் பிடித்தது 28 ரன், ஸ்கீன்ஸ் 27 ரன். இருவரும் ஏறக்குறைய ஒரே பலன் தந்திருக்கிறார்கள்.

ஐந்து பிரிவுகளின் மதிப்பெண்களையும் கூட்டினால் அந்த ஆட்டக்காரரின் சீசன் மதிப்பு கிடைக்கும்.

கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது?

முதல் சுற்றில் எடுத்த ஒருவர் 6 மதிப்பெண் தந்தால் அது சுமார். 20-வது சுற்றில் எடுத்தவர் 6 தந்தால் அது புதையல். எனவே ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிய வேண்டும். எங்களிடம் 2016 முதல் டிராஃப்ட் பைல்கள் உள்ளன. ஆவரேஜ்-இஃப் பங்ஷன் மூலம் சுற்று வாரியாகச் சராசரி எடுத்து வைத்திருக்கிறேன். 2020-ஐ மட்டும் சேர்க்கவில்லை. கொரோனாவால் அந்த ஆண்டு ஒவ்வொரு அணிக்கும் 60 ஆட்டங்கள்தான்.

இந்தச் சராசரியைப் பார்த்தாலே பல சண்டைகள் அடங்கிவிடும். முதல் சுற்றில் எடுத்த 12 பேரும் சீசன் முடிவில் முதல் 12 இடங்களில் இருந்த ஆண்டு எங்கள் பைலில் ஒன்று கூட இல்லை. முதல் சுற்று ஆட்டக்காரர் சரியாக ஆடவில்லை என்று ஒருவரைக் கேலி செய்யும் முன், அந்தச் சுற்றில் சராசரியாக என்ன கிடைத்து வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

காயம் பட்டவர்களுக்கு ஒரு திருத்தம் உண்டு. ஒருவர் காயம் பட்டு வெளியேறினால் அந்த இடம் காலியாக இருக்காது. யாரும் எடுக்காமல் விட்ட ஒருவரைப் போட்டு நிரப்புவோம். எனவே விடுபட்ட ஆட்டங்களுக்கு அப்படிப்பட்ட ஒரு சாதாரண ஆட்டக்காரரின் எண்களைச் சேர்க்க வேண்டும். யாருடைய எண்கள்? சீசன் முடிந்த பின் வெளியே இருந்தவர்களில் நன்றாக ஆடியவரைத் தேடிப் போடக் கூடாது. டிராஃப்ட் அன்று சந்தை வரிசையில் 277 முதல் 300 வரை இருந்தவர்களின் சராசரியைப் போடுங்கள். 12 பேர் 23 சுற்றில் 276 பேரை எடுத்துவிட்டால், அடுத்துக் கைக்குக் கிடைப்பவர்கள் இவர்கள்தான்.

தொடாத டீம்

இனி முக்கியமான பகுதி. ஒவ்வொருவரும் டிராஃப்ட் அன்று எடுத்த 23 பேரை சீசன் முழுவதும் தொடாமல் அப்படியே வைத்திருந்தால் லீக் எப்படி முடிந்திருக்கும்?

இதற்குத் தனியாக ஒரு ஷீட் போடுங்கள். படுக்கை வரிசையில் 12 டீம்கள், நெட்டு வரிசையில் 10 பிரிவுகள். சம்-இஃப் பங்ஷன் மூலம் டீம் வாரியாக ஹோம் ரன், ரன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஆவரேஜுக்கு மொத்த ஹிட்டை மொத்த பேட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆவரேஜ்களின் சராசரியை எடுக்காதீர்கள். பிறகு ரேங்க் பங்ஷன். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 பாயிண்ட், கடைசி இடத்துக்கு 1 பாயிண்ட். ரேங்க் பங்ஷனின் கடைசி மதிப்பாக 1 கொடுத்தால் மிக அதிக எண் உள்ள டீமுக்கு 12 என்று நேரடியாக வந்துவிடும். இ.ஆர்.ஏ., விப் இரண்டுக்கும் மட்டும் 0 கொடுங்கள். குறைந்த எண்ணுக்கு 12 வரும். பத்துப் பிரிவிலும் முதலிடம் வந்தால் 120 பாயிண்ட்.

இப்போது உங்களிடம் இரண்டு பட்டியல்கள் உள்ளன. ஒன்று நிஜமாக முடிந்த பட்டியல். மற்றொன்று தொடாத டீம் பட்டியல். இரண்டையும் அருகருகே வையுங்கள். தொடாத டீமில் மேலே இருந்து, நிஜத்தில் கீழே போனவர் நன்றாகத் தேர்வு செய்து பின்னர் கெடுத்துக் கொண்டவர். தொடாத டீமில் கீழே இருந்து நிஜத்தில் மேலே வந்தவர், சுமாரான டிராஃப்டை ஆறு மாத உழைப்பால் காப்பாற்றியவர். இருவருக்கும் பாராட்டு உண்டு, ஆனால் வேறு வேறு பாராட்டு.

2024-ல் நடந்தது

எங்கள் டிராஃப்ட் 2024 மார்ச் 17 ஞாயிறு அன்று நடந்தது. முதல் ஆளாக உட்கார்ந்த நண்பர், அட்லான்டாவின் ரொனால்ட் அகூன்யா ஜூனியரை எடுத்தார். அன்று யார் அந்த இடத்தில் இருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள். 2023-ல் அகூன்யா 159 ஆட்டங்கள் ஆடி 41 ஹோம் ரன், 73 ஸ்டோலன் பேஸ், .337 ஆவரேஜ். மே 26 அன்று பேஸுக்கு இடையில் ஓடும் போது இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. 49 ஆட்டங்களோடு சீசன் முடிந்தது. மொத்தம் 4 ஹோம் ரன், 16 ஸ்டோலன் பேஸ்.

நண்பர் கடைசிக்கு முந்தைய இடத்தில், அதாவது 11-வதாக முடித்தார். கோடை முழுக்கக் கேலி. முழங்கால் சரியில்லாதவனை எடுத்தான், டிராஃப்ட் தெரியாதவன் என்று பேச்சு. லீக்கைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அக்டோபரில் என்னிடம், அடுத்த ஆண்டு நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்றார்.

பைலைத் திறந்தோம். அவர் அன்று எழுதி வைத்த வரி இருந்தது. மார்ச் தொடக்கத்தில் அகூன்யாவுக்கு வலது முழங்காலில் வலி என்ற செய்தியைப் பார்த்ததாகவும், மருத்துவர்கள் சீசன் தொடக்கத்தில் ஆடலாம் என்று சொன்னதால் எடுப்பதாகவும் எழுதியிருந்தார். மே மாதம் கிழிந்தது இடது முழங்கால். ஆக அவருக்குத் தெரிந்திருந்த ஆபத்து வேறு, நடந்தது வேறு.

அடுத்து தொடாத டீம் பட்டியல். அதில் அவர் 4-வது இடம்! அகூன்யா 49 ஆட்டங்கள் மட்டுமே ஆடியும் 4-வது இடம். காரணம், பின் சுற்றுகளில் அவர் எடுத்தவர்கள். 17-வது சுற்றில் ஓக்லண்டின் பிரென்ட் ரூக்கரை எடுத்திருந்தார். ரூக்கர் அந்த சீசனில் 39 ஹோம் ரன், 112 ஆர்.பி.ஐ. ஆனால் அகூன்யா வெளியேறிய பதற்றத்தில், ஜூன் முதல் வாரத்தில் நண்பர் ரூக்கரைக் கொடுத்து பெயர் பெற்ற வேறு ஒருவரை வாங்கிவிட்டார். டிராஃப்ட் அவரைக் கவிழ்க்கவில்லை. ஜூன் மாதம் கவிழ்த்தது.

அதே பட்டியலில் சாம்பியன் 8-வது இடத்தில் இருந்தார். கோடை முழுக்கத் தன்னை டிராஃப்ட் புலி என்று சொல்லிக் கொண்டவர் அவர். அவர் கோப்பையை வென்றது, வெளியே கிடந்தவர்களைத் தினமும் இரவு தேடிச் சேர்த்ததால். அன்று அவர் முகம் சற்று வாடியது. ஆனால் எண்களைத் தானே ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

சிறந்த டிராஃப்ட் பரிசு 3-வதாக முடித்த ஒருவருக்குப் போனது. 11-வது சுற்றில் கிறிஸ் சேலை எடுத்தவர் அவர். டிராஃப்ட் அன்று 34 வயது, 2020 முழுவதும் ஆடவில்லை, 2022-ல் இரண்டே ஆட்டங்கள். அப்படிப்பட்டவரை ஏன் எடுத்தார்? அவர் எழுதிய வரி இதுதான்: 2023-ல் 20 ஆட்டங்களில் சுமார் 103 இன்னிங்ஸுக்கு 125 ஸ்டிரைக் அவுட், கை இன்னும் சரியாக இருக்கிறது, அட்லான்டாவுக்கு மாறியதால் வெற்றிகளும் கிடைக்கும். சேல் 18 வெற்றி, 225 ஸ்டிரைக் அவுட் எடுத்து நேஷனல் லீக்கின் சை யங் விருது வாங்கினார். டிராஃப்ட் நாளிலேயே கையில் இருந்த எண்ணைப் பார்த்து, சந்தை விலையை விடக் குறைவாகக் கிடைத்த போது எடுத்திருக்கிறார். அதனால் அவருக்கு முழு மதிப்பெண்.

அதிர்ஷ்டத்தைப் பிரிப்பது

எல்லாத் தேர்வும் இப்படித் தெளிவாக இருக்காது. முதல் சுற்றுக் கடைசியில் ஒட்டானியை எடுத்தவருக்கு 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ் கிடைத்தது. இப்படி ஒரே சீசனில் இரண்டிலும் 50-ஐத் தொட்டவர் மேஜர் லீக்கில் அதற்கு முன் யாரும் இல்லை. அவர் எழுதிய வரியில், முழங்கை அறுவை சிகிச்சையால் ஒட்டானி இந்த ஆண்டு பந்து வீச மாட்டார், எனவே எல்லா நாளும் பேட் செய்வார் என்று இருந்தது. அது நடந்தது, 159 ஆட்டங்கள் ஆடினார். ஆனால் ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2023-ல் ஒட்டானியின் ஸ்டோலன் பேஸ் 20 தான். எனவே ஹோம் ரன்னுக்குப் பாராட்டு, மீதி 39 ஸ்டோலன் பேஸ் அதிர்ஷ்டக் கணக்கு.

அதே முதல் சுற்றில் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை எடுத்தவருக்கு இரண்டே ஆட்டங்கள்தான் கிடைத்தன. ஏப்ரலில் ஸ்ட்ரைடருக்கு முழங்கை அறுவை சிகிச்சை. 2023-ல் 281 ஸ்டிரைக் அவுட் எடுத்த பிட்சரை எடுத்தது தவறு என்று யார் சொல்ல முடியும்?

இந்த இடத்தில் மனிதத் தீர்ப்பு தேவைப்படுகிறது. முடிவு தெரிந்த பின் படித்தால், ஜெயித்த தேர்வின் காரணம் புத்திசாலித்தனமாகவும் தோற்றதன் காரணம் முட்டாள்தனமாகவும் தெரியும். இதைத் தவிர்க்க, வேறு லீக்கில் ஆடும் மூன்று நண்பர்களிடம் டிராஃப்ட் முடிந்த ஒரு வாரத்துக்குள் காரண வரிகளைக் கொடுத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆளின் பெயர் இருக்காது, டீம் எண் மட்டும் இருக்கும். டீம் எண்ணைக் கலைத்துப் போட ரேண்ட் பங்ஷன் உதவும். கலைத்ததும் அந்த எண்களைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் சென்று வேல்யூஸ் என்று கொடுத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஷீட்டில் ஏதேனும் செல்லை மாற்றும் போதெல்லாம் எண்கள் மாறிக் கொண்டே இருக்கும்.

அந்த மதிப்பெண் பூட்டிய பைலில் இருக்கும். அக்டோபரில்தான் திறப்போம். இறுதித் தீர்ப்பில் தொடாத டீம் பாயிண்டுக்குப் பாதி எடை, விலைக்குக் கிடைத்த பலனுக்குக் கால் பங்கு, காரண மதிப்பெண்ணுக்குக் கால் பங்கு. இந்த விகிதம் உங்கள் விருப்பம். ஆனால் சீசன் தொடங்கும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிவிட வேண்டும். யார் முன்னே இருக்கிறார் என்று தெரிந்த பின் விகிதத்தைப் பேச ஆரம்பித்தால் அது தீராது.

நீங்கள் செய்து பார்க்க

எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டாம். டிராஃப்ட் பதிவு, காரண வரி, தொடாத டீம் ஷீட் இந்த மூன்று மட்டும் போதும். ஒரு மாலை நேர வேலை. சுற்று வாரியான சராசரிக்கு உங்கள் லீக்கின் மூன்று, நான்கு ஆண்டு பைல்கள் சேரட்டும்.

ஐ.பி.எல். சீசனில் நண்பர்களுக்குள் ஏலம் எடுத்து ஆடுபவர்களும் இதே ஷீட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே ஒரு அணிக்குக் கிடைக்கும் மேட்ச்கள், பேஸ்பாலின் 162 ஆட்டங்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். எனவே காரண மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

அகூன்யாவை எடுத்த நண்பர் 2025 மார்ச்சில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். இம்முறை எழுதிய ஐந்து காரணங்களுக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரியும் சேர்த்தார்: யாருக்குக் காயம் பட்டாலும் இரண்டு வாரத்துக்கு நான் யாரையும் மாற்ற மாட்டேன். இப்போது எங்கள் ஷீட்டில் அதற்கும் ஒரு நெட்டு வரிசை இருக்கிறது.